கை மாறும் பிளாஸ்க்

எங்கள் சங்கத்துக்குப் பெயர் பிறகுதான் வந்தது. வேலை முதலிலேயே வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து தனியாகப் படுத்திருப்பவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான். பூனாகலையிலிருந்தும் லுணுகலைப் பக்கமிருந்தும் ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு வீட்டார் அழுதுகொண்டே திரும்பிப் போவார்கள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்காவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. லயத்து வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கவும் ஆளில்லை.

என் அம்மாவும் அப்படித்தான் கிடந்தார். நான் கொழும்பில் வேலைக்கு நின்ற காலம் அது. பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தால், முன்பின் தெரியாத ஓர் அக்கா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க யாருங்க?" என்றேன்.

"யாரா இருந்தா என்ன, கையக் கழுவிட்டு வந்து நீங்க ஊட்டுங்க."

பதுளைக் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தவர் அவர். அவர்தான் சங்கம். அம்மா குணமாகி வீட்டுக்குப் போனார். நான் கொழும்புக்குத் திரும்பவில்லை. பதுளையிலேயே ஒரு துணிக்கடையில் வேலை தேடிக்கொண்டு அக்காவோடு ஒட்டிக்கொண்டேன். என்னைப்போல இன்னும் சிலரும் வந்து சேர்ந்தார்கள்.

அக்காவிடம் ஒரு சிவப்பு பிளாஸ்க் இருந்தது. நோயாளிக்கும் துணையிருப்பவருக்கும் அதில்தான் தேத்தண்ணி. ஆள் மாறும்போது அடுத்தவர் கையில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். கை மாறாமல் யாரும் ஆஸ்பத்திரி வாட்டை விட்டு இறங்கியதில்லை. கடை பூட்டிவிட்டு ஓடிவருவோம், மழையில் நனைந்து வருவோம், வந்ததும் ஒருவரையொருவர் கிண்டலடிப்போம். நீங்கள் யார் என்று கேட்டால் ஒரே மூச்சில் பதில் சொல்லத் தெரிந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, களைப்பே தெரியவில்லை.

ஒருமுறை பெரிய கூத்து நடந்தது. கொஸ்லந்தத் தோட்டத்து அம்மா ஒருவருக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். ஜன்னலோரக் கட்டில் என்று சொல்லியிருந்தார்கள். போய் உட்கார்ந்தேன். முகத்தைப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்ததும் சிங்களத்தில் பேசத் தொடங்கினார். நான் தேடிவந்த கொஸ்லந்த அம்மாவைக் காலையிலேயே வேறு வாட்டுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். எழும்பப் பார்த்தேன், கட்டிலில் இருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அக்கா வந்ததும், "வேற ஆளு அக்கா இவங்க" என்று முணுமுணுத்தேன்.

"தனியாத்தானே கெடந்தாங்க? அப்ப நம்ம ஆளுதான். நீ இங்கயே இரு. அந்த அம்மாகிட்ட நான் போறேன்."

மறுநாள் பசறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்தச் சிங்கள அம்மாவின் மகள் வந்தார். தெரிந்த அரைகுறைத் தமிழில் நன்றி சொன்னார். எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

பிறகு அக்காவுக்கு முழங்கால் முடியாமல் போனது. மகள் வீட்டோடு இருக்கக் கொழும்புக்குப் போய்விட்டார். நல்ல மனசுள்ளவர்கள் வெளியிலிருந்து உதவ வந்தார்கள். சங்கத்துக்கு நீளமான பெயர் வந்தது, பதாகை வந்தது. புத்தகப்பை கொடுத்தோம், மரம் நட்டோம், கணினி வகுப்பு வைத்தோம். ஒன்றும் கெட்ட காரியமில்லை. ஆனால் நாங்கள் யார் என்று கேட்டால், பதாகையைத் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். பிளாஸ்க் அலுமாரிக்குள், விருதுக் கேடயங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா மேல் ஏக்கம் பொங்கும். அந்த வாட்டு வாசல் மேலும், ஆள் மாறும் அந்த ஒரு நிமிஷத்தின் மேலும்தான்.

போன மாதம் லுணுகலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்து தனியாகக் கிடப்பதாகத் தெரிந்தது. மறுநாள் காலை ஆபரேஷன். ஆள் வேண்டும் என்று குழுவில் குரல் பதிவு போட்டேன். கும்பிடும் கைகளும் கட்டைவிரல்களும் வந்து குவிந்தன. ஓர் ஆள்கூட வருவதாகச் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுமாரியைத் திறந்து பிளாஸ்கைக் கழுவி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நானே போனேன்.

"எந்தத் தோட்டம் தாயி?" என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டார். பொழுது சாயத் தொடங்கியது. வீட்டில் காய்ச்சலோடு பிள்ளை காத்திருந்தாள். நான் எழும்பினால் ஆபரேஷன்வரை இவருக்கு ஒரு நாதி கிடையாது. "நீங்க போயிட்டு வாங்க, நான் இருந்துக்குவேன்" என்றார் அவர். சேலையை மட்டும் விடவில்லை. இருவருமே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய நாளாக இருந்தால் இந்நேரம் யாராவது மூச்சிரைக்க வந்து நின்றிருப்பார்கள் என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் குடையை மடக்கியபடி ஒருவர் வந்தார். பசறைப் பக்கத்துச் சிங்கள அம்மாவின் மகள்.

"அக்கா, வாய்ஸ் கேட்டேன். பஸ் லேட்" என்றார். பிளாஸ்குக்காகக் கையை நீட்டினார்.

பிளாஸ்கைக் கொடுத்தேன். கை மாறிவிட்டது, இனிப் போகலாம். கட்டிலில் இருந்த அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்க எந்தத் தோட்டம்?"

"நம்ம ஆளுதாங்க" என்றேன்.