நாற்பது வினாடிக் குரல்

பழவங்காடி பிள்ளையாருக்கு உடைக்கும் விடலைத் தேங்காய் விற்பவர் ஆறுமுகநயினார் அண்ணாச்சி. தென்காசிப் பக்கம். திருவனந்தபுரம் வந்து முப்பது வருஷம் ஆகிறது. மலையாளத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பார். கொரோனா காலத்தில் அதுவே வினையாயிற்று.

கட்டட வேலைக்கு வந்த நம் ஊர்க்காரர்களுக்கு மலையாளம் படிக்க வராது. எந்தத் தெரு அடைப்பு, ஊசி முகாம் எங்கே என்று அரசு அறிவிப்புகளை அண்ணாச்சிதான் தமிழில் பேசி வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ஒரு நாள்கூடத் தப்பு வந்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரு மதியம் எவனோ கிளப்பிவிட்ட புரளியையும் அதே குரலில் வாசித்துவிட்டார். சர்க்கரை இருப்பவர்கள் ஊசி போட்டால் ரத்தம் கட்டிவிடுமாம். கீழே ஒரு டாக்டர் பெயர் இருந்தது, அவருக்கு அது போதும்!

சித்தாள் கௌசல்யாவுக்குச் சர்க்கரை. அவள் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் போய்விட்டாள். போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அண்ணாச்சிக்கு அந்தச் சந்தேகம் ஆறுதல் தரவில்லை.

"தப்பாச் சொல்லிட்டேன், எல்லாரும் ஊசி போடுங்க" என்று மறுபடி பேசிப் போட்டார். அதை ஒருவரும் மற்றவருக்கு அனுப்பவில்லை. முதலில் பேசிய அந்த நாற்பது வினாடியோ வருஷங்கள் கழிந்தும் யார் யாருடைய கைபேசியிலோ ஒலித்தது. கடைக்கு வந்தவர் ஏதாவது குரல் செய்தியைத் தட்டினாலே தேங்காய் எடுக்கும் கை நின்றுவிடும். தன் குரலுக்கே பயந்து செத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

தெரிந்தவர்களிடமெல்லாம் கெஞ்சி அழிக்கவைத்தார். மிச்சம் இருந்தது கௌசல்யாவின் கணவன் தங்கபாண்டி. அவன் முகத்தில் விழிக்க நான்கு வருஷம் தைரியம் வரவில்லை. போன மாதம் ஒருவழியாக அவன் வேலை செய்யும் கட்டடத்துக்கே போனார்.

"அத அழிச்சிடுப்பா. ஒன் கால்ல விழுதேன்."

"மாட்டேன் அண்ணாச்சி. நீங்க அத முழுசாக் கேட்டதே இல்லியா?"

கேட்டதில்லை. அன்றைக்குப் பேசி அனுப்பியதோடு சரி. தங்கபாண்டி கைபேசியைத் தட்டினான். அண்ணாச்சி பேசி முடிக்கும் இடத்தில், அன்று தேங்காய் வாங்க வந்து நின்றிருந்த ஒருத்தியின் குரல் கேட்டது.

"அப்போ எனக்கு வேண்டாமா அண்ணாச்சி?"

"வேண்டாம் தாயி."

"அவ சத்தம்னு எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு" என்று சொல்லி, தங்கபாண்டி மறுபடியும் தட்டினான்.