ஜோசெத்தம்மா சிங்கம் பார்க்கப் போன கதை

முத்தியால்பேட்டையில் எனக்கு டிக்கெட் போடும் கடை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மழை வந்தால் ஒழுகும் ஒரு கூரை. ரயிலும் போடுவேன், பஸ்ஸும் போடுவேன். விமானம் என்றால் எங்கள் பக்கம் பெரும்பாலும் சென்னை–பாரிஸ்தான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. பிள்ளைகள் அங்கே, அம்மா இங்கே. "அம்மாவுக்கு ஒரு டிக்கெட் போடு சுடர்" என்று பாரிசிலிருந்து போன் வந்தால், "எத்தனாவது மாசம்?" என்றுதான் நான் கேட்பேன். பெரும்பாலும் தப்பாது. மகளோ மருமகளோ உண்டாகியிருப்பாள். பத்தியச் சோறு ஆக்கிப்போட, பிள்ளையைக் குளிப்பாட்ட, ஆறு மாசம் அடுப்படியில் நிற்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் அம்மா.

அப்படி நாலு தடவை போய் வந்தவர் ஜோசெத்தம்மா. எங்களுக்கு அடுத்த தெரு, வயது அறுபதைத் தாண்டியாகிவிட்டது. கணவர் ரஃபாயேல் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர், ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் காலமான பிறகு அவருடைய பென்ஷனில் ஒரு பங்கு இந்த அம்மாவுக்கு வருகிறது. "பாரிஸ் எப்படிம்மா இருக்கு?" என்று ஒரு முறை கேட்டேன். "லிஃப்ட் நல்லா இருக்கு. பால்கனியில நின்னா எதிர்வீட்டு பால்கனி நல்லா தெரியும்" என்றார். ஈஃபில் கோபுரத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். அப்போது மடியில் பேத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய மகன் வின்சான் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு காலண்டர் அனுப்புவான். உலகத்தில் உள்ள பெரிய தேசியப் பூங்காக்களின் படம் போட்டது, மாதத்துக்கு ஒன்று. பூங்கா என்றவுடன் எங்கள் பாரதி பார்க் மாதிரி பெஞ்சும் நீரூற்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் காடு, மலை, ஏரி, மாவட்டம் மாவட்டமாக விட்டுவைத்த நிலம். வருஷம் முடிந்தால் மற்றவர்கள் காலண்டரைக் கிழித்துப் பாடப்புத்தகத்துக்கு அட்டை போடுவார்கள். ஜோசெத்தம்மா படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டுவார். மாதா படத்துக்கு இந்தப் பக்கம் யெல்லோஸ்டோனில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பீய்ச்சி அடிக்கும். அந்தப் பக்கம் கனடாவின் பான்ஃபில் பச்சை ஏரி. கதவுக்கு மேலே செரெங்கெட்டியில் ஆற்றில் குதிக்கும் ஆப்பிரிக்கக் காட்டுமாட்டுக் கூட்டம். அந்த வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் மாதாவைக் கும்பிட்டுவிட்டு மற்றதைப் பார்க்காத மாதிரி உட்காருவார்கள். கணவரின் அண்ணன் மனைவி மர்சலின் மட்டும், வாயே திறக்காத அந்த அம்மாள், குரோஷியாவின் பிளிட்விட்சே அருவிப் படத்தின் முன்னால் காபி ஆறும்வரை நின்றுகொண்டிருப்பார்.

2007ஆம் வருஷம் மே மாதம் வின்சான் எனக்குப் போன் செய்தான். ஜூலைக்கு அம்மாவுக்கு டிக்கெட். பெண்டாட்டி வேலைக்குத் திரும்பப் போகிறாள், சின்னக் குழந்தையைக் காப்பகத்தில் விட மனசில்லை, ஒரு வருஷம் அம்மா வந்து இருக்கட்டும் என்றான். "அம்மா கிட்ட சொல்லிட்டியா?" என்றேன். "சொல்லிக்கலாம், நீ போடு" என்றான். அவனுடைய தைரியத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் போடாமல், சாயங்காலம் ஜோசெத்தம்மா வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டார். பிறகு, "சுடர், எனக்கு டிக்கெட் போடு. ஆனா பாரிசுக்கு இல்ல" என்றார்.

"பின்ன எங்கம்மா?"

"அதான் ஒன்னக் கேக்க வந்தேன். செவுத்துல இருக்கறதுல எதுக்குப் போலாம்? முட்டி தேய்ஞ்சுகிட்டே வருது, இன்னும் ரெண்டு வருஷம் போனா நடக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போனா இப்பப் போவணும். ஒன்னாவது பாத்துடணும்."

எத்தனையோ பேருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கடையை இழுத்து மூடிவிட்டு இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். யெல்லோஸ்டோன் அழகுதான், ஆனால் அமெரிக்கா, அங்கே போக ஆயிரம் கேள்வி கேட்பான். பிளிட்விட்சேயில் அருவிக்கு அருவி மரப்பாலமும் படிக்கட்டும், முட்டி தாங்காது. சிலி நாட்டின் தோரஸ் தெல் பைனே மலைகளைப் பார்க்க மூட்டை தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், காற்று ஆளையே தள்ளுமாம். கடைசியில், சுவரில் சிங்கப் படமாக இருக்கும் தென்னாப்பிரிக்காவின் குரூகரில் வந்து நின்றோம். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம், ஜீப்பிலேயே சுற்றலாம். ஆகஸ்டில் போனால் மழை இருக்காது, புல் காய்ந்திருக்கும், மிருகமெல்லாம் தண்ணீர் தேடி வெளியே வரும். பிரெஞ்சு பேசும் வழிகாட்டியோடு ஒரு குழு ஜோகன்னஸ்பர்கில் சேர்கிறது என்றும் கண்டுபிடித்தேன். கான்வென்டில் கன்னியாஸ்திரீகளிடம் படித்த பிரெஞ்சு அவருக்கு இன்னும் சுத்தமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவருக்கு அங்கே போக விசாவே வேண்டாம்.

அதைக் கேட்டதும் ஜோசெத்தம்மா சிரித்தார். "எத்தினி ஊருக்கு கேக்காம போலாம் அதை வச்சுக்கிட்டு! நான் அதைக் கொண்டுபோயி ஒரே அடுப்படியில நாலு தடவை நுழைஞ்சிருக்கேன்."

சிக்கல் அங்கேதான் இருந்தது. பாஸ்போர்ட் அவரிடம் இல்லை.

இந்தக் குடும்பங்களின் வழக்கம் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அறுபத்திரண்டில், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தவன் பிரெஞ்சுக்காரன், சும்மா இருந்தவன் இந்தியன். ஒரே வீட்டில் அண்ணனுக்குப் பிரெஞ்சுப் பென்ஷன், தம்பிக்கு ரேஷன் கார்டு என்று ஆன கதைகள் உண்டு. அந்த நாளிலிருந்து இவர்கள் காகிதத்தை நகைபோலக் காப்பார்கள். குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளையின் பீரோவில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் இருக்கும். ஜோசெத்தம்மா வீட்டுப் பீரோ ரஃபாயேலின் அண்ணன் ஷார்லுடையது. அவரும் பழைய சொல்தா. பிரெஞ்சுத் தேசிய தினமான ஜூலை பதினாலு அன்று பதக்கமெல்லாம் குத்திக்கொண்டு கடற்கரையில் அணிவகுப்பார். பீரோ சாவி அவருடைய அரைஞாணில் தொங்கும்.

ஜோசெத்தம்மா போய்க் கேட்டார். ஷார்ல் சிரித்தாராம், பிறகு கோபப்பட்டாராம். "புருஷன் இல்லாத பொம்பள தனியா சிங்கம் பாக்கப் போறியா? ஊர் சிரிக்கும். பாஸ்போர் தொலைஞ்சா நம்ம குடும்ப மானமே போச்சு. வின்சானுக்குப் போறதா இருந்தா சொல்லு, இப்பவே எடுத்துத் தரேன்" என்றாராம்.

வின்சானும் போனில் கத்தினான். ஜோசெத்தம்மா என் கடைப் போனில்தான் பேசினார், ஸ்பீக்கர் போட்டது மாதிரி எனக்குக் கேட்டது. "சிங்கம் டிவியில வருதேம்மா! சொந்தப் பேரனை அடுத்தவன் கையில விட்டுட்டு காட்டுக்குப் போறியா? உனக்கு என்ன கல்மனசா?"

"காலண்டர் அனுப்பினது நீதானடா" என்றார் ஜோசெத்தம்மா.

"அது சும்மா படம்மா!"

போனை வைத்துவிட்டு அழுதார். துக்கம் இல்லை, ஆத்திரம். முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, "கல்மனசாம். நாலு பேரனுக்கும் பேத்திக்கும் சூத்து கழுவுனவ நானு. கல்லு கழுவுமாடி?" என்றார். எனக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. அவன் பாரிசில் இருந்ததால் தப்பித்தான்.

"பாஸ்போர்ட் இல்லாம ஒன்னும் பண்ண முடியாதேம்மா" என்றேன்.

"இரு" என்றார். "ஜூன்ல உயிர் சர்டிபிகேட் வருது."

பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை போய், தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதை நேரில் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். செத்தவர் பேரில் யாரும் பணம் வாங்கக்கூடாது அல்லவா, அதற்காக. ஷார்ல் அன்றைக்குக் குடும்பத்துக் கிழடுகளை எல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, தோல்பையில் அத்தனை பாஸ்போர்ட்டையும் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் இருக்கும் கான்சலேட்டுக்குப் போவார். வாசல்வரை பை அவர் கையில். ஆனால் உள்ளே கவுன்டரில் ஒருவருக்காக இன்னொருவர் காட்ட முடியாது. உயிரோடு இருக்கிறவர்தான் தன் பாஸ்போர்ட்டைத் தன் கையால் நீட்ட வேண்டும். ஆக, வருஷத்தில் அந்த ஒரு நாள், அந்தக் கொஞ்ச நேரம், ஜோசெத்தம்மாவின் பாஸ்போர்ட் ஜோசெத்தம்மாவின் கையில் இருக்கும்.

அன்று காலை என்னை ஸ்கூட்டியோடு வரச் சொன்னார். எதிர்ப்புறம் மரநிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றேன். சாவியைக் கழற்றவில்லை. நான் கடத்தல் தொழிலுக்குப் புதுசு. சுவரோரமாகக் கிழவர்களும் கிழவிகளும் வெள்ளைச் சட்டையும் பட்டுப்புடவையுமாக வரிசையில் நின்றார்கள். ஷார்ல் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதும், வெளியே வந்ததும் திரும்ப வாங்கிப் பையில் போடுவதுமாக இருந்தார்.

ஜோசெத்தம்மா உள்ளே போனார். வெளியே வந்தார். ஷார்ல் வழக்கம்போல முகத்தைப் பார்க்காமலேயே கையை நீட்டினார். அந்தக் கையில் ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது ஜோசெத்தம்மா பாஸ்போர்ட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இனி அந்தக் கொம்பன் சொல்தா என்ன செய்வார்? பீரோ சாவி அவருடையதுதான், ரவிக்கை அவருடையது இல்லையே.

"ஜோசெத், வெளையாடாத. குடு" என்றார்.

"மாமா," என்றார் ஜோசெத்தம்மா. வரிசை முழுவதற்கும் கேட்கிற குரல். "இப்பதான் உள்ள கையெழுத்து போட்டுட்டு வரேன். வருஷா வருஷம் போடறேன், நான் உயிரோட இருக்கேன்னு. இத்தினி வருஷமா பொய்க் கையெழுத்து போட்டிருக்கேன் மாமா. இந்த வருஷம் நெசமாவே போட்டேன். உயிரோட இருக்கறவ நாலு எடம் போவத்தான் செய்வா."

வரிசையில் ஒரு கிழவர் கைதட்டினார். ஷார்லின் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. "நான் தம்பி பொண்டாட்டி மானத்துக்காகச் சொல்றேன்" என்று ஏதோ ஆரம்பித்தார். ஜோசெத்தம்மா சாலையைக் கடந்து என் வண்டியில் ஏறி, "போடி" என்றார். நான் போனேன்.

ஆகஸ்டில் கிளம்பினார். வின்சான் கடைசிவரை பேசவில்லை. ஷார்ல், ஜோசெத்தம்மா வீட்டுப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். விமான நிலையத்துக்கு நான் மட்டும் கூடப் போனேன். பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயந்தான்" என்றார். "இருந்தா என்ன, இருக்கட்டும்." தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் உறவு முழுவதையும் சாப்பிடக் கூப்பிட்டார். விலகியிருந்த ஷார்லும் வந்தார். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், ஜோசெத்தம்மா கைக் கறிக்குழம்பை விட யாருக்கும் மனசு வராது. எனக்கும் ஒரு இலை போட்டிருந்தார்கள். சாப்பாடு முடிகிற நேரத்தில் ஷார்ல் மீசையைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் சிரிக்கட்டும் என்று உரக்கக் கேட்டார். "என்ன ஜோசெத், சிங்கம் பாத்தியா? ஒன்னப் பாத்து பயந்து ஓடுச்சா?"

"பாத்தேன் மாமா" என்றார். பாயசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார். "மொத ரெண்டு நாளு யானையும் வரிக்குதிரையுந்தான். மூணாம் நாள் காலையில ஒரு பெண் சிங்கம். மரத்தடியில படுத்திருந்துச்சு. மேல மூணு குட்டி. ஒன்னு வாலக் கடிக்குது, ஒன்னு காதக் கடிக்குது, ஒன்னு மூஞ்சி மேலயே ஏறி உக்காருது. ரொம்ப நேரம் பொறுத்துப் பாத்துச்சு. அப்புறம் ஒரு உறுமு உறுமிச்சு. எழுந்துச்சு. கொஞ்ச தூரம் தள்ளி வேற ஒரு மரத்தடி, அங்க போயி காலை நீட்டிப் படுத்துக்கிச்சு. குட்டிங்க அந்த மரத்தடியிலயே வெளையாடிகிட்டு இருந்துச்சுங்க. ஒன்னும் ஆவல. ஜீப்புல நாங்க எட்டுப் பேரு இருந்தோம். அதுக்குக் கல்மனசுன்னு ஒருத்தரும் சொல்லல."

ஜோசெத்தம்மா அடுத்த இலைக்குப் போனார். "அது ஏன் தள்ளிப் போயி படுத்துச்சுன்னு எனக்குத் தெரியும். எனக்குக் கண்ணுல தண்ணியா கொட்டுது. பக்கத்துல இருந்த மதாம் கைக்குட்டை குடுத்தா. கிறிஸ்மசுக்கு வின்சான் வீட்டுக்குப் போவேன். பேரனைக் கொஞ்சுவேன். ரெண்டு வாரம். விருந்தாளியாப் போவேன், திரும்பி வந்துடுவேன். நேத்து போன்ல சொல்லிட்டேன்."

ஷார்ல் தொண்டையைக் கனைத்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் அவருக்குப் பக்கத்து இலையிலிருந்து ஒருவர் நிமிர்ந்தார். மர்சலின். எத்தனையோ விருந்துகளில் அந்த அம்மாளோடு உட்கார்ந்திருக்கிறேன், உப்பு வேண்டும் என்றுகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. சுவரில் இருந்த அருவிப் படத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, எச்சில் படாத இடது கையை விரித்து நீட்டினார்.

"பீரோ சாவியக் குடுங்க" என்றார்.