எதிர்க் கடையில் நின்ற அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது.

அவர் பிறந்தது தென்காசிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். மழை பொய்த்த ஒரு வருடம் தம் பெற்றோருடன் போடி வழியாக மலையேறி, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் சேர்ந்தார். பிற்பாடு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புப் பொறுப்பு அவருடையதாயிற்று. எனக்கு மூத்த அண்ணன்கள் இருவரும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக அன்று சரியான பாதை இல்லை. என் ஆறாவது வயதில் அம்மாவும் இறந்துபோனார்.

அதன்பின் அப்பா என்னைத் தனியே எங்கும் விட்டதில்லை. பத்தாம் வகுப்புவரை பள்ளிக்கு உடன் நடந்து வந்தார். ஓடையில் துணி துவைக்கப் போனாலும் கரையில் நிற்பார். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்தோர் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

எழுபத்துமூன்றாம் ஆண்டு மதுரையில் நர்ஸ் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது. அப்பா ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை. சபை உபதேசியார் வீட்டுக்கு வந்து, "ரெண்டு பிள்ளையக் காய்ச்சலுக்குக் குடுத்தவரு நீரு. அப்பம் பக்கத்துல ஒரு நர்சு இருந்திருந்தா?" என்று கேட்டார்.  மறுநாள் அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

என்னை விடுதியில் சேர்த்துவிட்டு ஊர் திரும்பியிருப்பார் என்றே நினைத்தேன். மூன்று வாரம் கழித்து, ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பியபோது, விடுதிக்கு எதிரே இருந்த டீக்கடையில் அப்பா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

"இங்க என்ன செய்யுதீங்க?"

"ஒண்ணுமில்லட்டி. ஒன்னத் தொந்தரவு பண்ணலையே. வெளிய வாறப்பம் பாத்துக்கிடுதேன், அவ்வளவுதான்."

உடன் வந்த தோழிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

"நீங்க இங்கன நின்னா நான் வார்டுல நோயாளியப் பாப்பனா, ஒங்களப் பாப்பனா? பயமா இருந்தாச் சொல்லுங்க. பெட்டிய எடுத்துட்டு வந்துருதேன். ரெண்டு பேருமா ஊருக்கே போயிருவோம்."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "வேண்டாம். நீ கோயிலுக்குப் போ" என்றார். நான் திரும்பி வந்தபோது அவர் போடி பஸ் ஏறிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் அழைக்காமல் ஒருமுறைகூட அவர் வரவில்லை. ஞாயிறுதோறும் பூப்பாறைவரை நடந்துபோய், போடி செல்லும் பஸ் புறப்படுவதைப் பார்த்துவிட்டு வருவாராம். பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் இதை அறிந்தேன். படிப்பு முடிந்து வடக்கே வேலை கிடைத்தபோது, எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் ரயில் என்றேன். "சரி, போயிச் சேந்ததும் ஒரு காயிதம் போடு" என்றார்.

சென்ற ஆண்டு நெஞ்சுச்சளியில் படுத்தபோது எனக்குத் தந்தி அடிக்க வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். அத்தை கேட்கவில்லை. நான் வந்து அருகில் உட்கார்ந்ததும், "திரும்பிப் போவ டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார்.

"எடுத்தாச்சுப்பா."

எடுத்திருக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் மூச்சு அடங்கியது.

தந்தி அடித்த அத்தைக்கும், சவப்பெட்டி செய்து தந்த தோட்டத்து ஆசாரிக்கும், கொட்டும் மழையில் சுமந்து சென்ற ஸ்டோர் தொழிலாளர்களுக்கும், ஜெபித்த உபதேசியாருக்கும் என் நன்றி. அடக்கம் முடிந்த வாரமே நான் வேலைக்குத் திரும்பியதில் உறவினர் சிலருக்கு வருத்தம் உண்டு என்பதை அறிவேன். அப்பாவுக்கு அந்த வருத்தம் இருந்திருக்காது.