குறைந்துபோன ஒரு நாற்காலி

ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் தொடங்கிக் கிருஷ்ணகிரி மேம்பாலம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், முள்கரண்டியின் குணம் தெரிந்த ஆள் சாராளைத் தவிர இன்னொருவர் கிடையாது. இது ஊதிச் சொன்னது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடலாம். கத்தியும் முள்ளும் வைத்துப் பரிமாறும் ஓட்டல்கள் ஓசூரில் மட்டும் ஒரு டஜனாவது தேறும். ஆனால் அங்கே போகிறவர்கள் அதைப் பிடித்துச் சாப்பிட்டுப் பழகியவர்கள். சாராள் அதில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எல்லாம் தெரிந்துவைத்திருந்தாள்.

நெடுஞ்சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே, கார்களுக்குப் பல்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் விருந்தினர் விடுதி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இயந்திரம் பூட்டவும் பழுது பார்க்கவும் வருகிறவர்கள் அங்கே வாரக்கணக்கில் தங்குவார்கள். பத்தொன்பது வருஷமாக அவர்களுக்குச் சாராள்தான் சமையல். மேஜை போடுவதும் அவள்தான். ஆறு நாற்காலி, ஆறு தட்டு. இடப்பக்கம் முள், வலப்பக்கம் கத்தி, கத்தியின் கூர் தட்டைப் பார்த்து இருக்கவேண்டும். மேஜை விளிம்புக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம். கண்ணைக் கட்டிவிட்டாலும் போட்டுவிடுவாள்.

சாப்பிட்டு முடித்தவர் கத்தியையும் முள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைப்பார். இன்னும் வேண்டுமென்றால் கூரைபோலச் சாய்த்து வைப்பார். நம் பந்தியில் இலையை மடிக்கிற மாதிரிதான் இது என்று முதல் வாரமே பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு வித்தியாசம். நம்மாள் போதும் போதும் என்று இலைக்கு மேலே கையை விரித்தாலும் அந்த விரல் இடுக்கிலேயே ஒரு கரண்டி ஊற்றுவோம். அவர்களிடம் அது செல்லாது. கத்தி படுத்துவிட்டால் சாப்பாடு முடிந்தது.

வந்தவர்களில் ஒருவர் இட்லியைக் கத்தியால் எட்டாக அறுத்தார். எட்டையும் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் அளந்து பார்த்ததில் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லையாம். இன்னொருவர் சமையலறையில் சாராள் களி சாப்பிடுவதைப் பார்த்துத் தனக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார். முள்ளால் குத்தினார், வாயில் போட்டார், மென்றார். மத்தியான ஷிப்டு சங்கு ஊதும்வரை மென்றார். அப்படி இல்லை, கிள்ளி, உருட்டி, குழம்பில் ஒரு புரட்டுப் புரட்டி அப்படியே விழுங்கவேண்டும் என்று சாராள் ஜாடையில் காட்டினாள். அவர் விரலால் கிள்ளிய வேகத்தில் சூடு தாங்காமல் கையை உதற, உருண்டை பறந்துபோய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அதன்மேல் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது என்கிறார் காவல்காரர் முனிவேல்.

முனிவேலுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் இரண்டு ஏக்கர் கேழ்வரகுக் கொல்லை. பகலில் விடுதியின் கேட்டைப் பார்த்துக்கொள்வார். சாராளும் அவரும் மத்தியானச் சாப்பாட்டைச் சமையலறையிலேயே முடித்துக்கொள்வார்கள். அவளுக்கு ஒரு முக்காலி, அவருக்குப் பின்வாசல் படி. முள்கரண்டியைக் கடலைக் கொல்லையில் களையெடுக்கும் கொத்து என்பார் அவர்.

"இவங்கல்லாம் கைய எதுக்குத்தான் வெச்சிருக்காங்களோ?"

"உங்க சல்யூட்டுக்குத் திருப்பி ஆட்டறதுக்குண்ணா."

கையால் சாப்பிடுவதில் சாராளுக்கு ஒரு குறையும் இல்லை. ரசஞ்சோற்றை எந்த முள்ளால் குழைக்க முடியும்? கீரைக் குழம்பில் களியைப் புரட்டும்போது விரல் நுனிக்குத் தெரிகிற சூடு நாக்குக்குத் தெரியுமா? அவளுக்கு முள்மேல் ஆசை இல்லை. அந்த மேஜையில், போட்ட தட்டுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை முறையாகச் சாப்பிட்டு எழுந்திருக்கவேண்டும். அவ்வளவுதான்.

அது பதினொரு வயதில் வந்த ஆசை. மிஷன் விடுதியில் தங்கிப் படித்தபோது, ஊருக்குத் திரும்பிப் போகவிருந்த வெளிநாட்டு அம்மா ஒருவர், வேதவசனம் ஒப்புவித்துத் தேறிய பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தன் வீட்டு மேஜையில் கிறிஸ்துமஸ் விருந்து வைத்தார். கத்தியும் முள்ளும் உண்டு என்று தெரிந்ததும் சாராள் கொய்யா மரத்தில் கவட்டைக் குச்சி ஒன்றை ஒடித்து, ஒரு வாரம் வாழைப்பழத்தோலைக் குத்திக் குத்திப் பழகினாள். தோலில்லாத பழத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். விருந்தன்றைக்கு எண்ணிப் பார்த்தால் நாற்காலி பதினொன்றுதான். வார்டன் அம்மா பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாராளின் தோளில் கை வைத்தார்.

"நீதான் கண்ணு சிந்தாம ஊத்துவே. தண்ணி ஜக்கை நீ புடிச்சுக்கோ."

அவள் சிந்தாமல் ஊற்றினாள். எல்லாரும் மெச்சினார்கள். பிற்பாடு வயிறு நிறையச் சோறும் கறியும் கிடைத்தது, அடுப்படியில் உட்கார்ந்து. அதற்கப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், புருஷனின் சாவு என்று எத்தனையோ வந்துபோனது. அந்த நாற்காலி மட்டும் போகவில்லை. தொழிற்சாலை விடுதியில் வேலைக்குச் சேர்ந்த அன்று ஆறு தட்டைப் போட்டு நிமிர்ந்தவள், தன்னை அறியாமல் ஜக்கைத்தான் கையில் எடுத்தாள்.

விருந்தாளிகள் உட்காரச் சொல்லியிருக்கமாட்டார்களா? சொன்னார்கள். ஒரு கையால் தங்கள் நாற்காலியையே காட்டி, மறு கையால் முள்ளை ஆட்டிக்கொண்டே சொல்வார்கள். அவர்கள் சொல்லி உட்கார்ந்தால் ஆறு பேரும் அவளையே பார்ப்பார்கள். யாரும் பார்க்காமல், எல்லாரையும்போல உட்காரவேண்டும் என்பது அவள் கணக்கு. ஆள் இல்லாத நாளில் மேஜை போடுவதில்லை. ஆள் இருக்கும் நாளில் நாற்காலி காலியில்லை. பத்தொன்பது வருஷம் இப்படியே போய்விட்டது.

அப்புறம் காவிரிக்காக எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், முழு அடைப்பு நடந்த ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. புது இயந்திரம் பூட்ட ஆறு பேர் பெங்களூரில் காலையில் இறங்கியிருந்தார்கள். சாராள் கோழியை வறுத்து, உருளைக்கிழங்கு வேகவைத்து, பீன்ஸை உப்புத்தண்ணீரில் முக்கி எடுத்து, மேஜையும் போட்டு முடித்தாள். பதினோரு மணிக்கு மேனேஜர் சிவராஜ் போன் செய்தார். அத்திப்பள்ளிக்கு முன்னாலேயே வண்டியை மறித்துவிட்டார்களாம், இன்றைக்கு அங்கேயே அறை எடுத்துத் தங்கச் சொல்லிவிட்டேன், சமைத்ததை நீங்களும் முனிவேலும் சாப்பிட்டுவிடுங்கள் என்றார்.

சாராள் போனை வைத்துவிட்டு மேஜையைப் பார்த்தாள். ஆறு தட்டு. ஆறு நாற்காலி. பார்க்க ஒருவரும் இல்லை. முனிவேலுக்கு ஒரு தட்டில் கோழியும் சோறும் போட்டுப் படிக்கு அனுப்பினாள். கையைக் கழுவினாள். கழுவிய பிறகுதான் இதற்குக் கை கழுவத் தேவையே இல்லையென்று தோன்றியது. ஜன்னல் ஓரத்து நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்தாள். உட்கார்ந்தாள்.

முதலில் மேஜை உயரமாகத் தெரிந்தது. பத்தொன்பது வருஷம் மேலேயிருந்தே பார்த்த மேஜை அல்லவா. உப்பு தூரத்தில் இருந்தது. எழுந்து எடுக்க இடுப்புத் துடித்தது, அடக்கிக்கொண்டாள். இடது கையில் முள், வலது கையில் கத்தி. இடது கையால் வாய்க்குக் கொண்டுபோவதா என்று ஒரு நொடி உடம்பு கூசியது. தட்டில் எடுத்து வைத்திருந்த கோழித் தொடையைப் பார்த்தாள். கையென்றால் இரண்டு பிடுங்கலில் முடிகிற வேலை.

முனிவேல் மோர் கேட்க உள்ளே வந்தவர், கதவோரத்தில் நின்றுவிட்டார். கொத்து என்று ஒரு பேச்சு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவர் வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஜக்கை எடுத்து வந்தார்.

"தண்ணி வேணுங்களா சாராளம்மா?"

"கொஞ்சம் ஊத்துங்கண்ணா."

ஊற்றினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அப்போதுதான் கேட்டில் ஹாரன் அடித்தது. ஆறு பேரும் வண்டியை விட்டு இறங்கி, சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு எல்லையை நடந்தே கடந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் சிவராஜ் காரை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பசியோடு ஆறு பேர் வாசலில் வந்து நிற்க, சாராள் எழுந்திருக்கவில்லை. அறுத்து வாயில் போட்டிருந்த கறித்துண்டை நிதானமாக மென்று விழுங்கினாள். கத்தியையும் முள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தாள். துணியால் வாயை ஒற்றினாள். பிறகு சிவராஜைப் பார்த்து, "நாற்காலி ஒண்ணு குறையுதுங்க சார். யாராவது தண்ணி ஜக்கைப் புடிங்க" என்றாள். ஆறு பேரில் நெட்டையாக இருந்தவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜக்கைக் கையில் வாங்கி, இடப்பக்கமிருந்து தொடங்கி எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தார்.

நான் எழுதியதை இதுவரை வாசித்துக் காட்டியபோது, எதிரே பட்டாணி உரித்துக்கொண்டிருந்த சாராள் சிரித்தாள். சிரிப்பு அடங்கினதும் கை நின்றது.

"அப்பிடியெல்லாம் நடக்கலம்மா. ஹாரன் கேட்டதுமே எந்திரிச்சிட்டேன். ஒரு வாய்தான் தின்னேன். முனிவேலண்ணன் கேட் கிட்ட நின்னு சாவியக் காணோம் சாவியக் காணோம்னு தேடிக்கிட்டே இருந்தாரு. சாவி அவர் இடுப்புலதான் தொங்குச்சு. அதுக்குள்ள தட்டைக் கழுவி, மறுபடி எடுத்து வெச்சிட்டேன். ஃபோர்க்கைத் துடைக்க நேரமில்ல. ஈரத்தோடவே வெச்சேன்."

இரண்டு பட்டாணியை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"அந்த நெட்டையர் இருந்தது நிஜம். என் நாற்காலியிலதான் வந்து உக்காந்தாரு. சூடா இருந்திருக்கும். ஒண்ணும் கேக்கல."