கோட்டுக்குப் பின்னால் வரும் பெயர்

மற்ற தொழில்களில் கெட்டுப்போனதைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். எங்கள் தொழிலில் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைப் பிரித்துப் போட்டுவிட்டு அதற்கு 'அப்கிரேட்' என்று பெயர் வைப்போம். இதைப் படிப்பவர்களில் புரோகிராமர் யாராவது இருந்தால் இப்போதே தலையாட்டியிருப்பீர்கள். மற்றவர்கள் ஏதாவதொரு கவுண்டரில் நின்று, "சிஸ்டம் சரியில்ல, நாளைக்கு வாங்க" என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். எப்படிப் பார்த்தாலும் நாம் ஒரே கட்சிதான்.

பதினேழு குறைகள்

தொண்ணூறுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் நானும், முதலாளி சிவபாலனும், சத்தம் போடும் ஒரு ஏர்கோனும். கிள்ளானில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நான் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் ரிப்போர்ட் அச்சடிக்கும் வேலையை மட்டும் நான் எழுதவில்லை. அதற்கென்று அமெரிக்காவில் ஒருவன் 'எட்-ஆன்' ஒன்று விற்றான். நாம் புரோகிராம் எழுதும் கருவியோடு அதை ஒட்டவைத்துவிட்டால் அச்சு வேலையை அது பார்த்துக்கொள்ளும். மூன்று வருடம் ஒழுங்காகப் பார்த்தும் கொண்டது.

பரிசோதனை நிலையத்தில் புதிய லேசர் பிரிண்டர் வாங்கினார்கள். பழைய எட்-ஆனுக்கு அதைப் பிடிக்கவில்லை. புதிய பதிப்பை வரவழைத்தோம். டிஸ்கெட்டுகளோடு ஒரு தாளும் வந்தது. 'தெரிந்த குறைகள்' என்ற தலைப்பில் பதினேழு. நான் எல்லாவற்றையும் படித்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது குறை இது: எழுத்துகளுக்கு நடுவே சாய்வுக்கோடு வந்தால், கோட்டுக்குப் பின்னால் உள்ளது அச்சாகாமல் போகலாம். ரத்தப் பரிசோதனை முடிவில் சாய்வுக்கோடு எங்கே வரப்போகிறது என்று அடுத்ததற்குப் போய்விட்டேன். தாளை முதலாளியிடம் காட்டினேன். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம்; அரசாங்க உத்தியோகத்தில் ஊறியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"தன் குறையைத் தானே எழுதித் தாறான், தம்பி. நேர்மையான மனுஷன். யோசிக்காமப் போடும்."

முதல் தாள்

போட்டேன். நான்காவது குறை முதலில் வந்து நின்றது. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் முதல் தாளின் மேல்பாதி அச்சாகாது. மாற்றுவழியும் அதே தாளில் இருந்தது: முதலில் ஒரு வெற்றுத் தாளை அனுப்பிவிட்டு, பிறகு உண்மையான தாளை அனுப்பவும். அப்படியே எழுதினேன். எதற்கும் சோதித்துப் பார்ப்போம் என்று எட்-ஆனோடு வந்த மாதிரிப் பெயர்களைப் போட்டு இருபது ரிப்போர்ட் எடுத்தேன். எல்லாம் ஜான், மேரி வகைப் பெயர்கள். முத்து முத்தாக வந்தன.

பரிசோதனை நிலையத்தின் கவுண்டரில் இருந்தவர் புஷ்பா அக்கா. பதினைந்து வருடமாக அந்த நாற்காலி. வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியவர் என்னைப் பார்த்தார்.

"முன்னாடி ஒரு தாள்ல முடிஞ்சது, இப்ப ரெண்டு தாள் கேக்குதுலா. இதுக்குப் பேருதான் அப்கிரேடா?"

டிசம்பர் வரைக்கும்

பதினோராவது குறை தேதி. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், எட்-ஆனும் அப்படியே. அதை நான் சரிசெய்திருந்தேன். ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு தேதிதான் என்று நினைத்திருந்தேன். மூலையில் இன்னொன்று இருந்தது. மே மாதம் பன்னிரண்டாம் தேதி எடுத்த ரத்தத்துக்கு டிசம்பர் ஐந்து என்று விழுந்தது.

ஜெஞ்சாரோமிலிருந்து வந்த ஓர் அங்கிள்தான் அதைக் கண்டுபிடித்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். மன்னிப்புக் கேட்டு, வேறு அச்சடித்துத் தருகிறேன் என்று கை நீட்டினேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. டிசம்பர் வரைக்கும் நான் இருப்பேன்னு உங்க மெஷினே எழுதிக் கொடுத்திருச்சு. இது எங்கிட்டயே இருக்கட்டும்."

தாத்தாவின் பெயர்

ஒரே காலையில் இரண்டு லெட்சுமிகள் வந்தார்கள். ஒருவர் முனியாண்டியின் மகள், இன்னொருவர் மாணிக்கத்தின் மகள். நம் ஊர் அடையாள அட்டையில், அதாவது ஐசியில், அதை எப்படி எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி, பிறகு அப்பா பெயர். நடுவில் ஒரு சாய்வுக்கோடு. என் பர்ஸிலும் அப்படி ஓர் ஐசி இருந்தது. ஒன்பதாவது குறையைப் படித்தபோதும் அது என் பின்பக்கப் பையில்தான் இருந்தது.

இரண்டு உறைகளிலும் 'லெட்சுமி ஏ' என்று மட்டும் விழுந்தது. ஐசி எண் உள்ளே, ரிப்போர்ட்டின் அடியில். புஷ்பா அக்கா உறையில் உள்ள பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். உறைகள் மாறிப் போயின.

பதினோரு நாள் கழித்து, மாணிக்கத்தின் மகள் லெட்சுமியுடைய மகன் வந்தான். லோரி ஓட்டுபவன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று கேட்ட நாளிலிருந்து அவன் அம்மா சாப்பிடவில்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மருமகளிடம் கொடுத்துவிட்டார். மனசு கேட்காமல் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறான். அந்த டாக்டர்தான் ஐசி எண்ணைப் பார்த்திருக்கிறார். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உறையை மேசைமேல் வைத்து விரலால் தட்டினான்.

"எங்கம்மா பேரு லெட்சுமி ஏ இல்ல, பாஸ். எங்க தாத்தாவுக்கு ஒரு பேரு இருக்கு. அத எங்க போட்டீங்க?"

ஃபேக்ஸ்

அன்றே கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்து மாற்றினேன். பத்து நிமிட வேலை. முன்பே செய்திருந்தாலும் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். புதிய பதிப்பு போட்ட நாளிலிருந்து போன எல்லா ரிப்போர்ட்டுகளையும் புஷ்பா அக்கா நகல்களோடு ஒத்துப் பார்த்தார். மாறியது இந்த ஒரு ஜோடிதான். அமெரிக்காவுக்கு ஃபேக்ஸ் அனுப்பினோம். மறுநாள் மரியாதையான பதில் வந்தது: பெயர்களில் சாய்வுக்கோடு பயன்படுத்துவதைத் தவிர்க்கும்படி உங்கள் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாளி அதை இரண்டு தடவை படித்தார்.

"தகப்பன் பேர் இல்லாம இருக்கட்டாம், தம்பி. இவன நேர்மையானவன் எண்டு நான்தானே சொன்னனான்."

மேருவில் ஒரு வீடு

ஃபேக்ஸ் கதையை முன்னால் சொன்னதற்குக் காரணம், இதைத் தள்ளிப்போடுவதுதான். லோரிக்காரன் வந்த அன்று சாயங்காலமே புஷ்பா அக்காவும் நானும் கிள்ளானுக்குப் பக்கத்தில் இருந்த மேருவுக்குப் போனோம். முனியாண்டியின் மகள் லெட்சுமி அங்கே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்தார். கதவைத் திறந்தவர் தலையில் முடி இல்லை, சந்தனம் பூசியிருந்தது. ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாராம். கிளினிக் டாக்டரும் தாளைப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்தச் சொல்லியிருந்தார். பத்துமலைக்குப் போய்ப் படியேறி நேர்த்தியை முடித்து வந்திருக்கிறார். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. படியேறினதால் வந்த வீக்கம் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். உட்காரச் சொல்லித் தேநீர் கலக்கப் போனார்.

புஷ்பா அக்கா உறையை என் கையில் வைத்தார். நான்தான் சொன்னேன். சாய்வுக்கோடு, எட்-ஆன், குறை என்றெல்லாம் ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, சரியான உறையை நீட்டினேன். நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கார் கொண்டுவருகிறேன் என்றேன். அவர் உறையைப் பிரிக்கவில்லை. மொட்டைத் தலையைக் கையால் ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"பதினோரு நாள் நல்லா இருந்தேன் தம்பி. அதையுமா எடுத்துட்டுப் போக வந்தீங்க?"

அந்தப் பதினோரு நாளால் பெரிய வித்தியாசம் வந்திருக்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னதால் அதை நம்ப முடியவில்லை. எட்-ஆனின் அடுத்த பதிப்பில் ஒன்பதாவது குறையை நீக்கிவிட்டார்கள். படித்தும் தாண்டிப் போன என் குறைக்குத்தான் இன்னும் எந்த டிஸ்கெட்டும் வரவில்லை.