ஜப்பான் ஸ்டேஷனில் இறங்கிய தம்பி

கதவு மூடப்போவதைச் சொல்லும் அந்த மணிச்சத்தம் "டிங் டிங்" என்று காதில் விழுந்தாலே இன்றும் என் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. தினமும் காலையும் மாலையும் அதே துபாய் மெட்ரோவில்தான் டூட்டிக்குப் போய்வருகிறேன் என்றாலும், பயம் எனக்குப் பழகவே இல்லை.

நான் ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோது, ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து அம்மாவையும் என்னையும் ஐந்து வயதுத் தம்பி யூசுபையும் எங்கள் அத்தா, அதாவது அப்பா, துபாய்க்கு அழைத்துக்கொண்டார். மெட்ரோ கட்டிய காலத்தில் ஜப்பானிய இன்ஜினியர்களுக்குக் கீழே சைட்டில் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். எங்கள் நிறுத்தத்துக்கு முந்தையது, மணல்வெளிக்கும் குடோன்களுக்கும் நடுவே தனியாக நிற்கும் ஒரு சின்ன ஸ்டேஷன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "ஜப்பான் ஸ்டேஷன்". ரயில் அங்கே நிற்கும்போதெல்லாம் அத்தா பிளாட்பாரத்துக் கண்ணாடியைக் காட்டி, "இதெல்லாம் அத்தா மாட்டுனது. ஒரு நூல் கோணினாலும் அந்த ஜப்பான்காரன் கழட்டி மாட்டச் சொல்லுவான்" என்பார்.

அந்த ரயிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனி இடம் உண்டு. தரையில் ரோஸ் நிறத்தில் கோடு போட்டிருப்பார்கள். ஆம்பளை கோட்டைத் தாண்டினால் அபராதம். அதனால் அம்மா ஒரு பக்கம் உட்கார, அத்தா கூட்டத்தோடு மறுபக்கம் நிற்க, தம்பி இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருப்பான். "கோட்டுக்கு அந்தப் பக்கம் நான் பாத்துக்கிறேன், இந்தப் பக்கம் அம்மா பாத்துக்குவா, நடுவுல நீ கையை விடாத" என்பது அத்தாவின் உத்தரவு.

ஒரு வெள்ளிக்கிழமை தேரா கடைத்தெருவில் அவனுக்கு மட்டும் விளக்கு எரியும் ஷூ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. அந்தக் கோபத்தில், ரயில் ஜப்பான் ஸ்டேஷனில் நின்றபோது அவன் கையை நான் உதறிவிட்டேன். அவன் ரோஷமாக இறங்கிப்போய், அத்தா மாட்டிய கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். மணி அடித்தது. கதவு மூடியது.

கத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த ரயிலில் டிரைவரே கிடையாது; யாரிடம் நிறுத்தச் சொல்வது என்று என் புத்திக்கு எட்டவில்லை. அதைவிட, கையை விட்டது நான்தான் என்று தெரிந்தால் அத்தா தோலை உரித்துவிடுவார் என்ற பயம். அம்மா பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார், அத்தா கூட்டத்துக்குள் மறைந்திருந்தார், நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் நிறுத்தத்தில் இரண்டு கதவு வழியாக இறங்கி வந்து அத்தாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தம்பி எங்க?"

"உங்ககிட்டதானே வந்தான்?"

"உன்கிட்டதானே இருந்தான்!"

அத்தா என் தோளைப் பிடித்து உலுக்கி, "நீ பாத்தியா?" என்றார். "இல்லத்தா" என்றேன். எந்த ஸ்டேஷன் என்று எனக்குத் தெரியும். அந்த ஸ்டேஷனுக்குக் கீழே லாரிகள் பறக்கும் பெரிய ரோடு இருப்பதும், அவனுக்கு ரோடு தாண்டத் தெரியாது என்பதும் தெரியும். தெரிந்தும், மறுபடி கேட்டபோதும் இல்லை என்றே சொன்னேன். அம்மா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து "அல்லாஹ், அல்லாஹ்" என்று அழ, ஸ்டேஷன்காரர் நாங்கள் ஏறிய ஸ்டேஷனிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனாக வாக்கிடாக்கியில் விசாரித்தார். ஒவ்வொன்றிலிருந்தும் "இல்லை" என்று பதில் வந்தது. இப்போதாவது சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. நான் அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் ஜப்பான் ஸ்டேஷனில்தான் கிடைத்தான். வாசல் வரைக்கும் போய்விட்டவனை, தரை துடைத்துக்கொண்டிருந்த நேபாளி அண்ணன் ஒருவர் பிடித்து உட்கார வைத்திருந்தார். யார் விட்டுவிட்டுப் போனது என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தா அம்மாவிடம், "கண்ணு ரெண்டு இருந்தும் புள்ளையத் தொலைச்சவ. உன்னை நம்பி இந்த ஊர்ல நான் எப்படி டூட்டிக்குப் போறது?" என்றார். அந்தப் பள்ளி ஆண்டு முடிந்த மாதமே எங்கள் விசாவைக் கேன்சல் செய்து மூவரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் நாலு பேரோடு ஒரு ரூமில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். நாங்கள் நால்வரும் ஒரே வீட்டில் குடும்பமாக இருந்தது துபாயில் அந்த ஒன்றரை வருடம் மட்டுமே. நான் வேலைக்காக இங்கே திரும்பி வந்தபோது நாங்கள் இருந்த கட்டடத்தையும் இடித்திருந்தார்கள்.

போன வருடம் அத்தா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். வீட்டில் அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சே குறைவு. அந்நியரோடு இருப்பதுபோல் இருக்கிறது என்று அம்மா சொல்வார். போன வாரம் போனில், "உன் அத்தா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறாருடி. அவர் சொல்றதும் சரிதான். நான்தான் பாத்திருக்கணும். என் தப்புதான்" என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். அன்று ரயிலில் வந்த அதே பயம் வந்தது. "டூட்டிக்கு நேரமாச்சும்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.