கச்சிதம் போட்ட தேதி

ஆலங்குடியில் ஒரு முந்திரிப்பருப்புக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர் ஆனந்தராஜ். வந்த மூட்டை, போன மூட்டை என்று நாளெல்லாம் தட்டிக்கொண்டிருப்பார். ஆனால் சம்பளத்துக்குச் செய்யும் வேலையைவிடச் சும்மா செய்யும் வேலையில்தான் அவருக்குக் கிறுக்கு அதிகம். சின்னச் சின்ன புரோகிராம்களாக எழுதி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுப்பார். பத்து பி.டி.எஃப்.களை ஒன்றாகச் சேர்க்க ஒன்று, பழைய எழுத்துருவில் அடித்த தமிழை யூனிகோடுக்கு மாற்ற ஒன்று. "ஊருக்கெல்லாம் செய்யிறீங்க, நம்ம ரேசன் கார்டுல ஒங்க பேரு தப்பா இருக்கே, அத எப்ப மாத்துவீங்க?" என்று மனைவி திலகவதி கேட்பார். அவர் அடுத்த புரோகிராமை எழுத உட்கார்ந்துவிடுவார்.

அவர் எழுதியதில் பேர் வாங்கியது 'கச்சிதம்'. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் படும் பாடு தெரிந்ததுதான். போட்டோ ஐம்பது கே.பி.க்குள் இருக்க வேண்டும், அடியில் பெயரும் எடுத்த தேதியும் இருக்க வேண்டும்; அளவு பிசகினால் இணையதளம் வாங்காது, தேதி பிசகினால் பிறகு விண்ணப்பத்தையே தள்ளிவிடுவார்கள். கச்சிதத்தில் போட்டோவைப் போட்டுப் பெயரை அடித்தால் போதும். தேதியைக்கூடக் கேட்காது, கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்துத் தானே போட்டுக்கொள்ளும். தன் புரோகிராம் யாரையும் நச்சரிக்காது என்பதில் மனுஷனுக்கு அவ்வளவு பெருமை. பென் டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடை, நெட் சென்டர் என்று தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நெட் சென்டர் நடத்தும் புவனேஸ்வரி போன் செய்தார். குரலில் சுரத்தே இல்லை. ஒரு அரசுத் தேர்வு விண்ணப்பத்தில் முகவரியைத் திருத்த வந்த ஒருவரின் போட்டோவைத் தற்செயலாகப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். அடியில் 01-01-2010 என்று இருந்ததாம்.

லீவு சொல்லிவிட்டு ஓடினார் ஆனந்தராஜ். காரணம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கடையில் இரண்டு கம்ப்யூட்டர். போட்டோ வேலைக்கு என்று நெட் இல்லாத பழசு ஒன்று மூலையில் கிடந்தது. அதற்குள் கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் பேட்டரி செத்து ஏழு மாதம். தினமும் காலையில் கடிகாரம் 2010-க்கே திரும்பிவிடும், திரையில் எச்சரிக்கை வரும், புவனேஸ்வரி எஃப்1-ஐத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். வாசல் தெளிப்பது மாதிரி அதுவும் பழகிப்போயிற்று. விண்ணப்பித்தவர்களும் தங்கள் முகத்தைப் பார்த்தார்களே தவிர, அடியில் கிடந்த பொடி எழுத்தைப் பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்?

அந்தத் தேர்வுக்கு அந்தக் கடையில் விண்ணப்பித்தவர்கள் நாற்பத்தொரு பேர். திருத்த அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. விட்டால் பழைய போட்டோ என்று தள்ளிவிடுவார்கள்.

பேட்டரியை மாற்றாதது தன் தப்புதான் என்று புவனேஸ்வரி அழுதார். ஆனந்தராஜ் நினைத்திருந்தால் நழுவியிருக்கலாம். இலவசம், உத்தரவாதம் கிடையாது என்று புரோகிராமின் முதல் பக்கத்திலேயே எழுதித்தான் வைத்திருந்தார். ஆனால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தேதி சரிதானான்னு ஒரு வார்த்த கச்சிதம் கேட்டிருக்கணும்க்கா. நாந்தான் கேக்க விடல. எம் பேரச் சொல்லியே எல்லாரையும் கூப்பிடுங்க" என்றார்.

வந்தவர்களின் படங்களை இப்படி டெஸ்க்டாப்பில் குவித்து வைக்கக் கூடாது என்று எத்தனையோ முறை புவனேஸ்வரியைக் கடிந்திருக்கிறார் ஆனந்தராஜ். அன்று அந்தக் குவியல்தான் கைகொடுத்தது. அதிலிருந்து நாற்பத்தொரு முகங்களையும் எடுத்துச் சரியான தேதி போட்டார். ஆனால் விண்ணப்பத்தைத் திறக்க அவரவர் போனுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. கேட்டு ஒரு அந்நிய ஆண்குரல் பேசினால் சும்மா விடுவார்களா? ஒருவர் போலீசில் சொல்வேன் என்றார், இன்னொருவர் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். பிறகு புவனேஸ்வரி பேச, இவர் பதிவேற்ற, வேலை நகர்ந்தது. நம்பாத நாலைந்து பேர் நேரிலேயே வந்து நின்றார்கள்.

நாலு மணிக்கு நாற்பது பேர் முடிந்தது. மிச்சம் இளமதி என்ற ஒரு பெண். போன் அணைந்திருந்தது. எட்டு கிலோமீட்டர் பைக்கை விரட்டி அவள் வீட்டுக்குப் போனார். அம்மா முத்துமாரியம்மாள் அப்போதுதான் கடலைக் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மகள் போன மாதம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாளாம். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம், ஆறு மணிக்குத்தான் தருவார்களாம். அம்மாவிடம் அந்த இடத்து வாட்ச்மேனின் நம்பர் இருந்தது. ஷிப்டு முடியாமல் யாரையும் கூப்பிட முடியாது என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது எடுக்கவே இல்லை. அந்த வீட்டு வாசலிலேயே ஐந்து மணி ஆயிற்று.

ஆறேகாலுக்கு அம்மாவின் போனுக்கு இளமதியே கூப்பிட்டாள். ஆனந்தராஜ் எதையும் பூசி மெழுகவில்லை. பேட்டரி, கடிகாரம், கச்சிதம் எல்லாவற்றையும் சொன்னார். தப்பு தன்னுடையது என்றார்.

"ரெண்டு வருசம் படிச்சேன் சார்" என்றாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மத்தவுங்களுக்கெல்லாம் சரியாயிருச்சா சார்?"

அதைச் சொல்லலாமே என்று அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "ஆயிருச்சும்மா. நாப்பது பேருக்கும் மாத்திட்டோம்."

"அப்ப நான் ஒருத்திதானா?"

"ஆமாம்மா" என்றார் ஆனந்தராஜ்.